இருட்டறைப் பேரீச்சை

மாமிக்கு எதையும் தூக்கிப்போட வராது. எனக்கோ தூக்கிப்போடுவதுதான் உத்தியோகம். திருவனந்தபுரத்திலிருந்து வித்துரா போகிற சாலையில், பேரீச்சைக் கன்றுகளைப் பாட்டிலுக்குள் வளர்த்து விற்கும் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். மாமி குருத்தைச் சீவித் துண்டாக்கிப் பாட்டிலில் வைப்பவர். நான் தரம் பார்க்கிறவள். பூஞ்சை பிடித்தது, கறுத்துப் போனது, வெளிறியது, குட்டையாக நின்றுவிட்டது என்று எது கண்ணில் பட்டாலும் மூடியில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த பாட்டில்களை, பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதில் பாதி மறுபடியும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். மூடி மட்டும் புதுசு, மாமி மாற்றியது.

"மாமி, இது செத்துட்டு."

"பொறு. போகலை."

முதல் ஒரு வருஷம் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

அவர் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர். நான் நாஞ்சில் நாட்டுக் குடும்பம், வீடு கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில். கம்பெனி வேன் இரண்டு பேரையும் கிழக்கேகோட்டையில்தான் ஏற்றிக்கொள்ளும். வேனில் ஏறினதும் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டுவார். அதில் போய் உட்கார்ந்தால் தொலைந்தேன். எழுதாமல் போன பேனாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே வருவார். கம்பி ஒடிந்த குடையை நூல் போட்டுக் கட்டிக்கொண்டே வருவார். பேனா எழுதிவிட்டால் என் முழங்கை உள்பக்கத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். "பாத்தியா? வெறுதே தூக்கிப்போடச் சொன்னியே." கையில் மையோடு நான் போய் வேலைக்கு முன்னால் கை கழுவ வேண்டும். எரிச்சலாக வரும்.

எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோனது. எல்லோரும் சுற்றி நின்று ஆறுதல் சொன்னோம். மாமி மட்டும் "பொறு, போகலை" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, பையனின் அம்மாவுக்குத் தானே போன் செய்து என்னென்னவோ பேசி, கல்யாணத்தை நடத்தியும் வைத்துவிட்டார். புருஷனோடு சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பெண் இன்றைக்கும் மாமியைத்தான் திட்டுகிறாள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இருட்டறையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது.

பேரீச்சை மற்ற செடி மாதிரி இல்லை. வாழை என்றால் சில மாதத்தில் குப்பென்று கிளம்பிவிடும். பேரீச்சைக்குத் தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து வந்து, மட்டை மட்டையாக, நார் நாராக உரித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் வெள்ளையாக, விரல்நுனி அளவுக்கு ஒரு குருத்து கிடைக்கும். அதற்குள் அந்தக் கன்று செத்துப்போயிருக்கும். குருத்தைத் துண்டு போட்டு, கரியும் சர்க்கரையும் கலந்த கறுப்புக் கூழான மீடியாவில் ஊன்றி, மாதக்கணக்கில் இருட்டில் வைக்க வேண்டும். ஒன்றுமே நடக்காது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு ஒருநாள் ஓரத்தில் உப்பு ஒட்டினது போல ஏதோ பொங்கும். அதிலிருந்துதான் எல்லாக் கன்றும்.

அந்த இருட்டறையில் மாமி நிற்பார். டார்ச்சில் பச்சைக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அதையும் அணைத்துவிட்டு நிற்பார். ஏதாவது எடுக்க நான் கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை என்றுதான் தோன்றும். பிறகு மூச்சு கேட்கும். "சத்தம் போடாதே," என்பார், என் தோளுக்குப் பக்கத்தில் இருந்து. எத்தனையோ தடவை அங்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறேன். விளக்குப் போடாத எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மூச்சு கேட்கிறதா என்று நின்று பார்க்கிறேன். பயமா என்றால் பயம்தான்.

மாமியின் பையனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு போன்களால். பாட்டில் திறக்கிற அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. உடை மாற்றும் இடத்தில் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் ஒன்று வைப்போம், மாமி இரண்டு வைப்பார். ஒன்று அவருடையது. இன்னொன்று பட்டன் வைத்த பழைய போன். அது அடித்து யாரும் கேட்டதில்லை. ஆனால் எப்போதும் முழு சார்ஜில் இருக்கும். பாட்டில் கழுவுகிற இடத்துச் சேச்சிதான் எனக்குச் சொன்னார். ஒரே பையன், கப்பலில் என்ஜினியர். நடுக்கடலில் ஒருநாள் காலையில் கப்பலில் அவனைக் காணோம். தேடியிருக்கிறார்கள். உடம்பு கிடைக்கவில்லை. பெட்டியும் போனும் மட்டும் வீட்டுக்கு வந்தன. நான் வேலைக்குச் சேருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. அந்த எண்ணுக்கு மாமி ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் அந்தப் போன் அடித்தது.

நான் வெளியே பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் எல்லாக் கையும் நின்றுவிட்டது. மாமி முகமூடியும் கையுறையுமாக அப்படியே வெளியே வந்து போனை எடுத்தார். முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார்.

"ஆமாம்மா, அவன் நம்பர்தான். அவன் இப்போ இங்க இல்லையே. வந்தா நான் சொல்றேன். என்ன பாட்டு? ஓ, அவனுக்கு அதெல்லாம் பிடிக்காது. நீ சாப்ட்டியா?"

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காலர் ட்யூன் வைக்கட்டுமான்னு கேக்கறா, பாவம்." திரும்ப உள்ளே போக முடியாது, உடுப்பு அசுத்தமாகிவிட்டது. அவர் மேஜையில் திறந்து கிடந்த பாட்டில்கள் அத்தனையையும் அன்று நான் கழித்தேன். அந்த ஒரு நாள்தான் அவர் மறுபேச்சு பேசவில்லை.

இனி, எங்களிடம் கன்று வளர்க்கக் கொடுத்த ஓர் அண்ணாச்சியின் மரம். வள்ளியூர்ப் பக்கத்துக் காய்ந்த பூமியில் அவருக்குத் தோட்டம். வளைகுடாவில் கடை வைத்திருந்தபோது ஒரு கன்று கொண்டுவந்து நட்டிருக்கிறார். அந்த ஒற்றை மரம் காய்த்த காய்ப்பைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு ஆள் வருமாம். அப்புறம் கூன்வண்டு விழுந்துவிட்டது. வெளியே பச்சையாக நின்ற மரம் உள்ளே கூழாகி ஒரு காற்றில் சாய்ந்தது. அடியில் மிச்சம் இருந்த ஒரே ஒரு பக்கக்கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, ஆரல்வாய்மொழி தாண்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நான் சேர்ந்த புதிது. "இதுல இருந்து ஒரு தோட்டம் ஆக்கித் தாங்கம்மா," என்று, விழுந்த மரத்தின் போட்டோவையும் காட்டி, மாமி கையில் கொடுத்தார். மாமி அதை உரித்து முடித்தபோது மேஜை முழுக்க நார். குருத்துத் துண்டுகளில் ஒவ்வொன்றாக வெண்புகை படர்ந்தது. மரத்துக்குள்ளேயே இருக்கும் கிருமி அது, எத்தனை கழுவினாலும் போகாது. நான் சிவப்பு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசித் துண்டிலும் போடப் போனேன். மாமி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று மாதம் இருட்டறையை விட்டு அது வெளியே வரவில்லை. பிழைத்துவிட்டது.

அண்ணாச்சி தோட்டத்துக் கன்றுகள் எல்லாம் அந்த ஒரு துண்டிலிருந்து வந்தவை. அதில்தான் சிக்கல். ஒரே திசுவை வெட்டி வெட்டிப் புது மீடியாவுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது தடம் மாறும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஓர் எல்லையோடு நிறுத்தி, தாய்மரத்திலிருந்து புதுக் கன்று எடுத்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே தாய்மரமே இல்லை. எல்லை தாண்டிவிட்டது என்று நான் மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர், "ஆர்டர் நிக்குதல்லோ. கொறச்சு கூடி நோக்காம்," என்றார், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று. மாமி என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. வேனில் இடத்தைத் தட்டிக் காட்டவும் இல்லை.

பையனைத்தான் பாட்டிலில் வைத்துக் காப்பாற்றுகிறாள் என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஒரு மனுஷியின் கஷ்டத்தைச் சட்டென்று இப்படி ஒரு வாக்கியத்தில் மடித்து வைத்துவிடுகிறார்களே என்று கோபம் வரும். பையன் போன பிறகு வந்த குணமில்லை அது. அவர் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

மாமா என்றால் மாமியின் ஆத்துக்காரர். கோயில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெலிந்த மனுஷர். ஒருநாள் காலையில் மாமிக்கு முன்னால் வந்து வேன் நிற்கிற இடத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"நீ சொன்னா கேப்பளோன்னு ஒரு ஆசை," என்றார். "அவன் காணாமப் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆகப் போறது. உடம்பு கிடைக்காதவாளுக்குத் தர்ப்பையில உருவம் பண்ணி எரிச்சு, காரியம் பண்ணலாம்னு சாஸ்திரம் இருக்கு. வாத்தியார் நாள் பாத்துக் குடுத்துட்டார். இவ ஒத்துக்க மாட்டேங்கறா."

"மாமி மனசு கஷ்டப்படுமே மாமா."

"எனக்கு நெஞ்சுவலி ரெண்டு தடவை வந்தாச்சும்மா. நான் இருக்கச்சே பண்ணிடணும். எனக்கப்பறம் அவனுக்கு ஒரு வாய் எள்ளுத் தண்ணி விட யார் இருக்கா? அவன் எங்க நிக்கறானோ, எத்தனை நாளா நிக்கறானோ."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மாமி வருவதற்குள் போய்விட்டார்.

நான் மத்தியானச் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தேன். "மாமி, மாமா ஒண்ணு சொன்னாரு..." அவர் மோர்ச்சாதத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"உசிரோட இருக்கறவனுக்கு எள்ளுத் தண்ணி விடச் சொல்றாரா?"

"மாமா பாவம் மாமி. அவரு மனசும் பாக்கணும்லா."

"என் பையனுக்கும் சிவப்பு மை போட வந்துட்டியா நீ?"

என் டிபன் பாக்ஸை அவரே மூடி என் பக்கம் தள்ளினார். மாமா குறித்து வாங்கின நாள் வந்து, போயும் போனது.

அந்த வருஷம் அண்ணாச்சி போன் செய்தார். நட்ட மரங்கள் ஆளுயரம் தாண்டிப் பாளை விட்டிருக்கின்றன, வந்து பாருங்கள் என்றார். குரலில் ஏதோ சரியில்லை. மாமியையும் என்னையும் வேனில் அனுப்பினார்கள். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்றில் வேன் ஆடியது. மாமி சந்தோஷமாக இருந்தார். வழியில் நுங்கு வாங்கித் தந்தார்.

தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கே மனசு நிறைந்துவிட்டது. வரிசை வரிசையாக அத்தனை அழகு. எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே சாய்வு, ஒரே நீலப்பச்சை. நான் ஒரு சிவப்புக் குறியும் போட்டிருக்க மாட்டேன்.

அண்ணாச்சி ஒரு குலையைத் தாழ்த்திக் காட்டினார். ஒரு பூவுக்கு ஒரு பிஞ்சு நிற்க வேண்டிய இடத்தில் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு, மிளகை விடக் கொஞ்சம் பெரிசாக, பச்சையாகவே சுருங்கியிருந்தன. கை பட்டதும் உதிர்ந்தன.

"மகரந்தம் யார் தூவினா?" மாமியின் குரல் அதட்டலாக வந்தது.

"நானே ஏணி போட்டு ஏறித் தூவினேம்மா. போன வருசமும் இப்படித்தான். முதல் பாளைன்னு சும்மா இருந்தேன். இந்த வருசமும் இப்படித்தான்."

"எல்லா மரமுமா?"

"எல்லாந்தான்."

மாமி நம்பவில்லை. ஒவ்வொரு மரமாகப் போனார். நாங்கள் பின்னால் போனோம். ஒவ்வொரு குலையிலும் ஒரு பிஞ்சைக் கிள்ளி, நகத்தால் பிளந்து, உள்ளே விதை இருக்கிறதா என்று பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு மரத்தின் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பாக்க அப்படியே அவதான்," என்றார் என்னிடம், போட்டோவில் பார்த்த தாய்மரத்தைச் சொல்லி. "நிறம், நிக்கற நிப்பு, எல்லாம் அவதான். ஆனா அவ இல்லை." மட்டையிலிருந்து கையை எடுத்தார். "எப்பவோ போயிருக்கா, கேட்டியா. நான் கையில வச்சுண்டு பாத்துண்டே இருந்திருக்கேன், பாத்துண்டு இருக்கச்சேயே போயிருக்கா. எனக்குத் தெரியவே இல்லை."

'சொன்னேனே' என்று சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் அந்த வார்த்தை எனக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருசம் தண்ணி ஊத்திட்டேன். சொல்லுங்கம்மா, வெட்டிரவா, இன்னும் ஒரு வருசம் பாக்கவா?"

மாமி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டிரைவருக்குக்கூடத் தெரியும். நாங்கள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம்.

"வெட்டிடுங்கோ அண்ணாச்சி," என்றார் மாமி.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து கை நீட்டினார். சிவப்பு மார்க்கரைக் கேட்கிறார் என்று புரிய எனக்கு நேரமானது. இருட்டறைக்குள் போய் அந்த மரத்தின் பாட்டில்கள் ஒவ்வொன்றிலும் அவரே குறி போட்டார். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போட்டார். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். தள்ளுவண்டியில் வைத்துத் தானே கொண்டுபோய் ஆட்டோகிளேவில் அடுக்கினார். சாயங்காலம் வரை கூடம் முழுக்கச் சர்க்கரை கருகின வாசம். கழுவுகிற இடத்துச் சேச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வேனில் கிழக்கேகோட்டை வந்து இறங்கினதும் சொன்னார். "மாமாட்ட சொல்லிட்டேன். வாத்தியார் வேற நாள் பாத்துட்டார். வெள்ளிக்கிழமை. நீ வா."

"நான் எதுக்கு மாமி, உங்க ஆட்கள் இருப்பாங்களே."

"நீ வந்து நில்லு."

போனேன். ஸ்ரீவராகத்து வீட்டின் பின்கட்டில் ஒரு வாழையிலை நீளத்துக்கு இடம் மெழுகியிருந்தது. மாமா ஈரவேஷ்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் தலைக்கு ஒரு தேங்காயை வைத்து, இலைக்காம்புகளைக் கைகால் எலும்பாக அடுக்கி, தர்ப்பையைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டி ஓர் ஆளைச் செய்துகொண்டிருந்தார். பழகின கை. பேசாமல் வேகமாகச் செய்தார். மேலே ஒரு புது வேஷ்டித் துண்டைப் போர்த்தினதும், பார்க்கிறவர்களுக்கு அங்கே யாரோ படுத்திருப்பது போலத்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மாமி சமையலறையிலிருந்து வந்து நின்று பார்த்தார். பாட்டிலைப் பார்க்கிற அதே பார்வை. எத்தனை நேரம் பார்த்தாரோ.

"குட்டையா இருக்கு," என்றார்.

வாத்தியார் நிமிர்ந்தார். "பாவனைதானே மாமி. அளவு ஒண்ணும் பாக்க வேண்டாம்."

"அவன் இவ்வளவு குட்டை இல்லை."

"மாமி, நேரம் ஆறது."

மாமா வாத்தியாரின் கையைத் தொட்டார். "இருங்கோ. அவ சொல்றபடி பண்ணுங்கோ."

எவ்வளவு உயரம் என்று வாத்தியார் கேட்டார். மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, இறக்கி, மறுபடி உயர்த்தினார். அப்போது மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மெழுகின தரையில், அந்தத் தர்ப்பை உருவத்துக்குப் பக்கத்தில், அதன் காலோடு தன் காலைச் சேர்த்து வைத்துப் படுத்துக்கொண்டார்.

"என் நெத்தி அவன் தோள்ல முட்டும்," என்றார், கூரையைப் பார்த்தபடி. "அதுக்கு மேல கழுத்து. அப்பறம்தான் தலை."

பிறகு வாத்தியார் குனிந்து, தேங்காயை மெல்ல மேலே நகர்த்தி, நடுவில் விழுந்த இடைவெளியில் தர்ப்பையை வைத்துக் கட்டத் தொடங்கினார். ஒரு பிடி வைத்தார். இன்னொரு பிடி வைத்தார். மாமா தர்ப்பைக் கட்டிலிருந்து உருவி உருவிக் கொடுத்தார்.

"போறுமா மாமி?" என்று கேட்டார் வாத்தியார்.

மாமி கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் திருப்பி, நெற்றியால் அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.